கைக்கணக்கின் ஒரு பிடி

கல்லைப் பிசைந்து மெஷின் செய்கிற ஆள் என்றால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. சொந்த மாமனாரே நம்பவில்லை. "கல்லையா? பிசையறதா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தார்.

ஆனால் உண்மை அதுதான். உலோகத்தை வெட்டிச் செதுக்கும் மில்லிங் மெஷினின் உடம்பை இரும்பில்தான் வார்க்க வேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை. கிரானைட் சல்லி, மணல், மாவு போன்ற கல்தூள் மூன்றையும் எபாக்ஸி ரெசினோடு கலந்து, மெழுகு தடவிய அச்சில் கொட்டி, அதிர்வு மேசையில் குலுக்கி இறுக விட்டால் போதும். இரும்பைத் தட்டினால் கிண்ணென்று நெடுநேரம் பேசிக்கொண்டிருக்கும். இது 'டக்' என்று ஒரே சொல்லோடு வாயை மூடிக்கொள்ளும். வெட்டும்போது வருகிற நடுக்கத்தையெல்லாம் விழுங்கிவிடும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

பட்டறையில் அவருக்குக் கைக்கணக்கு என்று பெயர். ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் தராசில் நிறுத்துத்தான் ஊற்றுவார்கள். கல்தூள்தான் லோடுக்கு லோடு மாறும். ஒன்று ரெசினை மடமடவென்று குடிக்கும், ஒன்று துப்பும். அதைத் தராசு சொல்லாது. அவர் ஒரு பிடி அள்ளி வெறுங்கையால் அழுத்துவார். பிடி உதிராமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் பளபளப்பு மட்டும் ஒட்ட வேண்டும். "இன்னும் அரைக் கிலோ தூள்" என்பார். போட்டால் சரியாக இருக்கும். கையுறை மாட்டினால் கைக்குக் காது அடைத்துவிடும் என்பது அவர் கட்சி. மாட்டியவர்களைப் பார்த்து, "என்னப்பா, ஆபரேஷனா?" என்பார். ரெசின் சிலருடைய தோலைப் புண்ணாக்கிவிடும். இருபத்துநான்கு வருஷத்தில் அவரை அது ஒன்றும் செய்ததில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மனைவி வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சைக் கேட்பதற்காகவே வளராத முடியை வெட்டிக்கொள்ள வந்தவர்கள் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு விரலிடுக்கில் அரிப்பு தொடங்கியது. பிறகு கண்ணிமைகள் வீங்கின. எல்லோரும் சாயத்தைச் சொன்னார்கள். முதலில் சொன்னது கைக்கணக்குதான்.

"அந்தச் சாயத்தைத் தூக்கிப் போடும்மா. கெமிக்கல்னா சும்மாவா?"

ரெசினில் மணிக்கட்டு வரை ஊறுகிற மனுஷன் சொன்ன புத்திமதி! அவளும் கேட்டாள். சாயத்தை நிறுத்தினாள், ஷாம்பூவை நிறுத்தினாள், கடைசியில் கத்தரியையும் எடுத்து வைத்துவிட்டாள். அரிப்பு மட்டும் நிற்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கிறோமே என்று அவருடைய வேலைச் சட்டைகளை முன்னைவிட நன்றாகக் கசக்கித் துவைத்தாள்.

தோல் டாக்டரம்மா அவள் முதுகில் வரிசையாக மருந்துப் பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார். சாயத்துக்கு ஒட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. எபாக்ஸிக்கு ஒட்டிய இடம் சிவந்து கொப்புளித்திருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"வீட்டுல யாராவது ரெசின் வேலை பாக்குறாங்களா?"

"நான்தாங்க" என்றார் அவர்.

"உடம்பு ஒரு தடவை இதை எதிரின்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் மறக்காது. மருந்து வீக்கத்தைத்தான் குறைக்கும். இனிமே துளிகூட இவங்க மேல படக்கூடாது."

திரும்பி வரும்போது, "நாளைக்கே வேலையை விட்டுடறேன்" என்றார்.

"விட்டுட்டு? அம்பத்திரண்டு வயசுல வேற எங்க போய் நிப்பீங்க? கிளவுஸ் போடுங்க, அங்கயே குளிங்க, துணி வீட்டுக்கு வரவேணாம். எனக்குத்தான் போச்சு, உங்களுக்குமா போகணும்?"

அவ்வளவுதான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.

ஆறு வாரம் சொன்னபடி நடந்தார். அவளுடைய வீக்கம் வடிந்தது, விரல்களில் புதுத் தோல் வந்தது. கத்தரியை எடுத்து எண்ணெய் போட்டுப் பார்த்தாள்.

பட்டறையில்தான் சனி பிடித்தது. கையுறையோடு அவர் பதம் பார்த்த மெஷின் உடம்பு ஒன்றில் போல்ட்டை முறுக்கும்போது, உள்ளே பதித்த மரை கல்லோடு பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே எல்லாம் ஓட்டை. இரும்பென்றால் உருக்கி மறுபடி ஊற்றலாம். இதை உடைத்துக் கொட்டத்தான் முடியும். முதலாளி திட்டவில்லை. பெயர்ந்த துண்டை எடுத்துத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டார். "கைக்கணக்கு இப்போ கிளவுஸ் கணக்கு" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

அடுத்த வாரம் பெரிய உடம்பு ஒன்றுக்குக் கலவை ஓடிக்கொண்டிருந்தது. ஹார்டனர் ஊற்றியாகிவிட்டது, இனி நிறுத்தி வைக்க முடியாது. கையுறையோடு அழுத்திப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி அழுத்தினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிடிதானே என்று வலது கையுறையைக் கழற்றினார்.

தொட்டவுடனே தெரிந்துவிட்டது. "முக்கால் கிலோ தூள் போடு" என்றார். குரலே வேறாக இருந்தது. மனசு நிறைந்துபோனதும் நிஜம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? பிறகு நாலு தடவை சோப்புப் போட்டு, நக இடுக்கைப் பிரஷ்ஷால் தேய்த்து, குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் கிளம்பினார்.

வீட்டில் அவள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"திங்கக்கிழமை ரெண்டு பேர் முடி வெட்டிக்க வர்றேன்னு சொல்லிட்டாங்க! இங்க பாருங்க, எப்படி வழவழன்னு ஆயிடுச்சு!"

சொல்லிக்கொண்டே அவருடைய வலது கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தாள். பிறகு கண்ணிமைமேல் வைத்தாள். தொட்டாலே எரியும் என்பதால் இரண்டு வருஷமாக அந்த முகத்தை அவர் தொட்டதில்லை. கையை இழுத்துக்கொண்டால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். இத்தனை கழுவியாயிற்றே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தார். கையை இழுக்கவில்லை.

காலையில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணும் திறந்து பார்க்க முடியாதபடி வீங்கி மூடியிருந்தன. கன்னத்தில் ஐந்து விரலும் படிந்த இடம் சிவந்திருந்தது. அவளுக்கு அது தெரியாது.

"தப்பு என்னோடதுதாங்க" என்றாள். "நேத்து பரண்ல உங்க பழைய துண்டு ஒண்ணு கிடந்துச்சு. யோசிக்காம எடுத்துக் குப்பையில போட்டேன். அதுலேர்ந்துதான் வந்திருக்கும், இல்ல?"

அவர் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கும்" என்றார்.

"இனிமே பாத்து நடந்துக்கறேங்க. நீங்க வருத்தப்படாதீங்க" என்றாள் அவள், அவர் நிற்கிற பக்கம் முகத்தைத் திருப்பி.