துடைத்து வைத்த வீடு

கனடாவில் எட்மன்டனுக்கு நாங்கள் குடிவந்த முதல் ஜனவரியில், ஒருநாள் காலை ஜன்னல் திரையை விலக்கியபோது பக்கத்து வீட்டு வாசலில், முழங்கால் அளவு பனிக்கு நடுவே, ஒரு பெண்மணி பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். கம்பளிக் கோட்டு இல்லை, குல்லா இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் அது ஒரு பலகை என்று தெரிந்தது. கீழே பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் ஒருவருடைய படத்தைத் தெருவில் வைத்தால் ஒன்று அவர் தேர்தலில் நிற்கிறார், இல்லையென்றால் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த அம்மாள் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் போய்ச் சேர்ந்தவளாகத் தோன்றவில்லை. பனி தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு கென்னிடம் போய், நல்லெண்ணத்தோடு, "எந்த பார்ட்டி?" என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்து, "சனிக்கிழமை மாலை. குடும்பத்தோடு வந்துவிடு" என்றான்.

சனிக்கிழமை போனோம். கட்சிக் கூட்டம் என்று நினைத்து நான் டை எல்லாம் கட்டியிருந்தேன். அங்கே எல்லோரும் கையில் கோப்பையோடு நின்றுகொண்டு, வீடு விற்கப்போவதற்காகக் கென்னை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் கஷ்டம் முற்றினால்தான் வீட்டை விற்பார்கள். அவனைத் தனியே அழைத்துப்போய், என்ன கஷ்டம் வந்தது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். கஷ்டமா, புது வருஷம், புது வீடு, அவ்வளவுதான் என்று சிரித்தான். என் மனைவி வள்ளிக்கு நம்பிக்கை வரவில்லை. பாவம், வெளியே காட்டிக்கொள்ளாமல் சிரிக்கிறான் என்று மறுநாள் ஒரு பாத்திரம் நிறையச் சர்க்கரைப் பொங்கல் செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். சட்டை மாற்றுவதுபோல் வீடு மாற்றுகிற ஊர் இது என்று எங்களுக்குப் புரிய இரண்டு மூன்று வருஷம் ஆனது.

புரிந்த பிறகு நாங்களும் மாற்றினோம். முதல் வீட்டை விற்க ஷாரன் என்ற ஏஜென்ட் வந்தாள். வாசலில் நிற்கும் பலகைகளில் சிரிக்கிற இனம்தான் அவளும். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் இட்ட கட்டளைகளை நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். குடும்பப் புகைப்படங்கள் ஒன்றுகூட இருக்கக்கூடாது. சாமான்களில் பாதியை ஒளித்துவிட வேண்டும். சுவரெல்லாம் வெள்ளை. பெருங்காயம், கடுகு தாளிப்பு எல்லாம் ஒரு வாரத்துக்கு விலக்கு. ஆட்கள் பார்க்க வரும்போது அடுப்பில் தண்ணீர் வைத்துப் பட்டையைக் கொதிக்கவிட வேண்டும். அந்த மணம் வந்தால் யாருக்கும் தங்கள் அம்மா வீட்டு ஞாபகம் வந்து, கையெழுத்துப் போட்டுவிடுவார்களாம். சாமி படங்களைக் கார் டிக்கியில் வைத்துவிட்டு ஒரு வாரம் தயிர்ச்சாதம் சாப்பிட்டோம். ஒன்பதாம் நாள் வீடு விலைபோனது. அன்றிலிருந்து வீடு விற்பதில் என்னை ஒரு நிபுணன் என்றே நான் கருதத் தொடங்கினேன். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

போன கார்த்திகையில் அம்மா போனில் சொன்னாள்: "எய்யா, தை பொறந்ததும் வீட்டக் குடுத்திரலாம்னு இருக்கேன். பாளையங்கோட்டையில அக்கா வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு கீழ்வீடு வாடகைக்குப் பாத்தாச்சு. கொழாயத் தொறந்தா தண்ணி வருது. நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

"திடீர்னு ஏம்மா?"

"திடீர்னு இல்ல. எட்டு வருசமா கூட்டிப் பெருக்கிக்கிட்டேதான் யோசிச்சேன்."

அப்பா தவறி எட்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா முப்பத்திரண்டு வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது கரும்பலகையில் எழுதினதுபோலத்தான். எனக்குத்தான் தாங்கவில்லை. என்னைப்போல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எட்மன்டனில் எந்தத் தமிழர் வீட்டு விருந்திலும், பேச்சு எங்கே சுற்றினாலும், "ஆற்றங்கரைப் பக்கம் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது" என்ற இடத்துக்கு அதைக் கொண்டுவந்து நிறுத்துவேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகவாவது வீடு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதை அம்மாவிடம் சொல்ல முடியுமா? ஆறு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, மகள் படிப்புக்காக வள்ளியை எட்மன்டனில் விட்டுவிட்டு, ஷாரனின் கட்டளைகள் அடங்கிய நோட்டோடு மார்கழியில் போய் இறங்கினேன்.

மார்கழியில் யாரும் வீடு பார்க்க வரமாட்டார்கள். அதனால் என்ன, வீட்டைத் தயார்செய்ய நல்ல அவகாசம் என்றேன். வீடென்றால் நடுவில் முற்றம், சுற்றிலும் ஓடு வேய்ந்த அறைகள், பின்னால் கிணறு. கூடத்துச் சுவர்களில் சாமி படங்கள், நடுவில் மாலையோடு அப்பா படம், அதற்கு இரண்டு பக்கமும் எங்கள் கல்யாணப் படங்கள், பழைய காலண்டர்கள். எல்லாவற்றையும் கழற்றினேன். பித்தளைப் பாத்திரங்கள், ஊறுகாய்ச் சாடிகள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பரிசாகக் கொடுத்த பிளாஸ்டிக் பூச்சாடிகள் எல்லாம் மூட்டையாகக் கட்டி அக்கா வீட்டுக்குப் போயின. நீலம் கலந்து அடித்திருந்த சுவர்களுக்கு ஆள் வைத்துப் பளீரென்று வெள்ளையடித்தேன். அம்மா மறுப்பு எதுவும் சொல்லவில்லை. ஒரு கட்டிலும் இரண்டு தட்டும் தன் டம்ளரும் மட்டும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இடையில் ஒருமுறை, "ஏலே, கனடாவுல இப்பிடித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பாவம்" என்றாள்.

வெள்ளையடித்த நாலாம் நாள் காலையில் வாசலில் ஓர் அழுகைக் குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஆழ்வார்திருநகரியிலிருந்து கோமதி டீச்சர், அம்மாவோடு வேலை பார்த்தவர், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அழுகை கூடிவிட்டது. "எய்யா, எங்க டீச்சர் இப்பிடிச் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாகளே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்கட்டிலிருந்து அம்மா ஈர வாளியோடு வந்தாள்.

"யாரு கோமதி போயிட்டா?"

கோமதி டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீங்கதான் டீச்சர்" என்றார்.

"எப்பம்?"

"முந்தாநாத்துன்னு பஸ்ல சொன்னாவ."

"எனக்கு யாரும் சொல்லலியே" என்றாள் அம்மா. "சரி, வந்தது வந்த, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ."

துஷ்டி கேட்க வந்த வீட்டில் காப்பி குடிக்கலாமா என்று அவருக்கு ஒரு சிறு தயக்கம். இறந்தவளே காப்பி போட்டுக் கொடுப்பதால் தோஷமில்லை என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். காப்பியைக் குடித்து முடித்ததும் கோமதி டீச்சருக்கு என்மேல் கோபம் வந்துவிட்டது. "சாமி படம் எல்லாத்தையும் எடுத்து, வீட்டத் தொடச்சு வெள்ளையடிச்சு, வெளிநாட்டு மவன் வேற வந்து நிக்கான்னா ஊரு வேற என்னத்த நெனைக்கும்?" ஊர் வேறு சிலவும் நினைத்திருந்தது என்று அவர்தான் சொன்னார். நான் கனடாவில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனாகிவிட்டேன், அதனால்தான் சாமி படங்களை அகற்றுகிறேன் என்பது மேலத்தெருக் கட்சி. வீட்டில் ஏதோ நடமாடுகிறது, அதனால்தான் அவசரமாகக் காலி செய்கிறோம் என்பது கீழத்தெருக் கட்சி. அம்மா இறந்துபோனாள் என்பதுதான் இருந்ததிலேயே நாகரிகமான வதந்தி.

தை பிறந்த மூன்றாம் நாள், தரகர் பேச்சிமுத்து அண்ணாச்சி முதல் ஆளைக் கூட்டிவந்தார். வருவாய்த்துறையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், நெற்றி நிறைய விபூதி, சுத்த சைவம். நான் விடியற்காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்துப் பட்டையைக் கொதிக்கவிட்டிருந்தேன். அவர் கூடத்தைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். அடுப்படி நிலைக்கு வந்ததும் நின்றார். மூக்கு இரண்டு தடவை சுருங்கியது.

"மசால் வாடை வருதே. இங்கன கறி பொங்குவியளோ?"

"இல்லை சார், வெறும் பட்டைதான். மணத்துக்காகக் கொதிக்கவிட்டேன்."

"கறியே இல்லாம வெறும் பட்டையவா?" அவர் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்த பார்வையில், கறி வைத்திருந்தால்கூட மன்னித்திருப்பார் என்று தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னால் போன அண்ணாச்சி திரும்பி வந்து என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, நான் இருவத்தஞ்சு வருசமா தரகு பாக்கேன். நீங்க சும்மா இருந்தா அதுவே பெரிய ஒத்தாசை."

வெட்கமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. அன்று மதியம் அதைக் கண்டுபிடித்தது, பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த அக்கா வீட்டுக்காரர், சங்கரன் அத்தான். கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தவர், "என்ன மாப்ளே, ஆளு போனதுல ஒமக்கு வருத்தம் இருக்காப்ல தெரியலயே?" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். வீட்டை விற்க எனக்கு மனமில்லை, அம்மா இன்னும் சில வருஷம் இருக்கலாமே என்றேன். அத்தான் துண்டில் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஐப்பசி மழைக்கு முத்தத்துல பாசி பிடிச்சிருந்துச்சு. விடியக்காலம் கோலப்பொடிய எடுத்துட்டு வந்த அத்தை வழுக்கி விழுந்துட்டாவ. எந்திரிக்க முடியல. பால்காரர் வந்து கதவத் தட்டுத வரைக்கும் ஒரு மணி நேரம் மழையிலயே கெடந்திருக்காவ. ஒமக்குச் சொல்லப்படாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

அந்த ஐப்பசியில் நான் அம்மாவுக்குப் போன் செய்திருந்தேன். நன்றாக நினைவிருக்கிறது. எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "வீடு எப்படிம்மா இருக்கு? மழையில ஓடு ஒழுகலையே?" என்பதுதான். வீடு நல்லா இருக்குய்யா என்றாள். வேறெதுவும் நான் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் எட்டு வருஷமாக ஒவ்வொரு போனிலும் முதலில் வீட்டைத்தான் விசாரித்திருக்கிறேன்.

அம்மா அடுப்படியில் என் பட்டைத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. "சொன்னா என்ன செய்வ? அங்கன கெடந்து அழுவ. அழுதா பாசி போயிருமா?" என்றாள். பிறகு, தேய்ப்பதை நிறுத்தாமல், "எய்யா, நீ இந்த வீட்ட நெனச்சுக்கிட்டு இருக்க. நான் கூட்டிக்கிட்டு இருக்கேன். நெனைக்கதுக்கு முதுகு வலிக்காது" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல்.

அன்று சாயங்காலமே வண்டி பிடித்துப் போய் மூட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்தேன். சாமி படங்களை ஆணி ஆணியாக நானே மாட்டினேன். அப்பா பழைய இடத்துக்கு வந்தார். நோட்டு எங்கே போனதென்று நான் தேடவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா அதில் பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த வாரம் சாத்தான்குளத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவர் கருப்பட்டி வியாபாரம், பேசாத மனிதர். அந்த அம்மாள் பெயர் செல்லக்கனி. நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாதான் சுற்றிக் காட்டினாள். காட்டினாள் என்பதைவிட, வீட்டின்மேல் ஒரு குற்றப்பத்திரிகை வாசித்தாள் என்று சொல்ல வேண்டும். "மழ பெஞ்சா இந்த மூலையில ஒழுகும். இந்தக் கதவு ஆடி மாசம் இறுகிக்கும், பைய ஒரு எத்து எத்தணும். முத்தம் வழுக்கும், கவனமா நடக்கணும், நான் விழுந்திருக்கேன்." அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். செல்லக்கனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நேராகப் பின்கட்டுக்குப் போய், கிணற்றில் வாளியை விட்டு இறைத்தாள். கயிறு கொஞ்சம்தான் இறங்கியது. வாளி மேலே வந்ததும் கையில் அள்ளிக் குடித்தாள். இன்னொரு கை அள்ளிக் குடித்தாள்.

"எக்கா, கோடையிலயும் இப்பிடித்தானா?"

"ரெண்டு முழம் கூட இறங்கும். வத்தி நான் பாத்ததில்ல."

"தண்ணி இனிக்குது" என்று கணவனைப் பார்த்துச் சொன்னாள். "எங்க ஊர்ல ஒரு கொடத்துக்கு ஒம்பது பேரு அடிச்சுக்கிடுவோம்க்கா. கூர ஒழுகினா நாலு ஓட்ட மாத்திக்கிடலாம்." பேசாத மனிதர் அண்ணாச்சியைப் பார்த்துத் தலையாட்டினார். ஷாரனுக்கு ஒன்பது நாள் ஆனது. அம்மாவுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

தை முடிவதற்குள் பத்திரம் பதிவாயிற்று. பத்திரம் எழுதுகிறவர் என் விலாசத்தைக் கேட்டார். எட்மன்டன் என்றேன். "அது எந்தத் தாலுகா?" என்றார். தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். பாளையங்கோட்டையில் அம்மா முதல் நாளே குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், விடிந்தது தெரியாமல் தூங்கினாள். அப்படித் தூங்கி அவளை நான் சிறு வயதிலிருந்தே பார்த்ததில்லை.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில், வங்கியில் ஒரு சோலியாக ஸ்ரீவைகுண்டம் போனேன். முடித்துவிட்டு ஏதோ யோசனையில் நடந்தேன். யோசனை கலைந்தபோது நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். சுவரில் வேறு சாமிகள், வேறு கல்யாணப் படங்கள். மூலையில் கருப்பட்டி மூட்டைகள். செல்லக்கனி உள்ளேயிருந்து, "யாரு வேணும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "அய்யய்யோ, நீங்களா, வாங்க, உக்காருங்க" என்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கருப்பட்டிக் காப்பி வந்தது. விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து குடித்தேன். ஒழுகுகிற மூலையில் நாலு ஓடு மாற்றியாகிவிட்டது, முற்றத்துக்குச் சொரசொரப்பாகக் கல் பதிக்கப் போகிறோம் என்றாள். எனக்குத் தோன்றாத யோசனை. ரொம்ப நல்லது என்று மனதாரச் சொன்னேன். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "ஊருக்கு வந்தா நம்ம வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றாள்.

எட்மன்டனில் இறங்கியபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. டாக்சிக்காரர் பெட்டிகளை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். ஷூவிலிருந்த பனியை நன்றாக உதறினேன், தலையைக் கையால் கோதிக்கொண்டேன், அழைப்பு மணியை ஒருமுறை அடித்துவிட்டுக் கதவிலிருந்து இரண்டடி தள்ளி நின்றேன். வள்ளி கதவைத் திறந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"சாவி கொண்டுபோகலையா?"

"பையில இருக்கு" என்றேன்.

அவள் வழிவிட்டு நின்றாள். உள்ளே வரச் சொல்லட்டும் என்று நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.