ஐந்தில் ஒரு குண்டு

வெர்லின் ஸ்டிடம் செவ்வாய்க்கிழமைகளில்தான் சுடப் போவார். சனிக்கிழமை போனால் ஆட்கள் இருப்பார்கள்; ஆட்கள் இருந்தால் பேச வேண்டும். ட்ரேஸ் ஓடைக்கு மேலே இருந்த அந்தச் சுடுகளத்தில் தகரக் கூரையின் கீழ் ஐந்து மர மேசைகள், ஐம்பது கஜம் தள்ளி ஒரு மண்மேடு, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே காக்கை கூட வராது.

கென்டக்கி மலைகளில் மின்கம்பம் ஏறியே முப்பத்தோரு வருடம் போய், ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனைவி நோலா அதற்கும் ஐந்து வருடம் முன்பே ஒஹையோவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. பெட்டியைக் காரில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"உங்ககூட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணுதான் வெர்லின். தனியா இருந்தா ரேடியோவையாவது சத்தமா வெச்சுக்கலாம்."

கார் திரும்பும்போது பின்னால் பள்ளம் இருக்கிறது என்று அவர் கை காட்டினார்.

துப்பாக்கி அவர் கைக்கு வந்தது ஒரு பண்ணை ஏலத்தில். குழலின் வாய்வழியாகக் கரிய வெடிமருந்து கொட்டி, எண்ணெய்த் துணியில் ஈயக்குண்டைப் பொதிந்து, கோலால் இடித்து இறக்கிச் சுடுகிற பழைய பாணி ரைபிள். சுத்தியலின் கீழே சின்னத் தாமிரக் கேப்பு ஒன்றை மாட்டி விசையை இழுத்தால் நெருப்பு உள்ளே பாயும். ஒரு குண்டு சுட இரண்டு நிமிடம் ஆகும். பொழுதை ஓட்ட வேண்டிய மனிதனுக்கு நல்ல கருவி.

முதல் கோடையில் குண்டுகள் நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்ததுபோலச் சிதறின. வெர்லின் பதறவில்லை. மின்கம்பியில் பழுது தேடிப் பழகியவர். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மருந்திலிருந்து தொடங்கினார். அளவுக் குழாயில் தொண்ணூறாம் கோட்டிலிருந்து ஐந்தைந்தாகக் குறைத்து அறுபத்தைந்துக்கு வந்ததும் குண்டுகள் கொஞ்சம் நெருங்கின. பெரிய சத்தம் போடுவதெல்லாம் நேராகப் போவதில்லை என்று தெரிந்தது.

அடுத்தது துணி. சுட்டதும் குண்டைப் பொதிந்த துணி பத்தடி தள்ளிப் புல்லில் விழும். அவற்றைப் பொறுக்கி லாரியின் பின்பலகையில் வரிசையாக விரித்துப் பார்த்தார். நடுவில் எரிந்த ஓட்டை, ஓரமெல்லாம் கிழிசல். பழைய சட்டைத் துணி தாங்கவில்லை. தடித்த மெத்தை உறைத் துணி வாங்கிச் சதுரம் சதுரமாக வெட்டினார். கடையில் விற்ற மசகை விட்டுவிட்டு, ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கித் தடவினார். இப்போது துணி முழுசாக வந்தது, நடுவில் கரிக்கறை மட்டும். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஈரத்துணி விட்டுக் குழலின் கரியைத் துடைத்தார். இடிகோலில் ஒரு கோடு கீறி, ஒவ்வொரு தடவையும் குண்டு அதே ஆழத்தில், அதே அழுத்தத்தில் உட்காரும்படி பார்த்துக்கொண்டார்.

சோளரொட்டி சுடும் வாணலி அகலத்துக்குச் சிதறியது, இரண்டாம் கோடை முடிவதற்குள் காபிக் கோப்பையின் வாய் அளவுக்குச் சுருங்கியது. ஐந்தில் நான்கு மட்டும். ஏதோ ஒரு குண்டு, சில நாள் இரண்டாவது, சில நாள் ஐந்தாவது, கீழே இடப்பக்கமாக ஒரு சாண் தள்ளிப் போய் விழும். குழல் முனையிலிருந்த முன்குறியை அரத்தால் ராவிப் பார்த்தார். குழலின் வாயைப் பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்தார். வேறு ஈயம் உருக்கி, வார்த்த குண்டுகளை எடை போட்டுப் பொறுக்கினார். அந்த ஒரு குண்டு மட்டும் தன் இஷ்டப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் டாம்ரா கொலம்பஸிலிருந்து போன் செய்வாள்.

"துப்பாக்கி எப்படி இருக்குப்பா?"

"அதுக்கென்ன, இருக்கு."

"நீங்க?"

"இருக்கேன்."

செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமை அவர் போனபோது ஆர்டித் குயிலன் என்கிற அம்மாள் களத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் மழை, அதனால் வேலை தள்ளிப்போயிருந்தது. எழுபத்தொரு வயது, பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சமையல்காரி. அந்த வட்டாரத்துத் துப்பாக்கிப் போட்டிகளில் அவர் வாங்காத கோப்பை இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வெர்லின் துணிகளை அடுக்குவதைப் பார்த்தார்.

"என்ன தம்பி, பொறுக்கிப் பொறுக்கி அடுக்கற? போர்வை தைக்கப் போறியா?"

"எரிஞ்சிருக்கான்னு பாக்கறேன்."

"எரியல. நல்லாத்தான் இருக்கு. எங்க, ஒண்ணு சுடு."

வெர்லின் சுட்டார். ஆர்டித் மண்மேட்டின் பக்கம் திரும்பவே இல்லை. வெர்லினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துப்பாக்கில ஒரு கோளாறும் இல்ல. நீதான் கண்ண மூடற."

"நானா? நான் மூடல."

"மூடறவனுக்கு எப்படித் தெரியும்? அதான் மூடியிருக்கே!"

வெர்லின் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்த இரண்டு செவ்வாய்க்கிழமையும் வீட்டிலேயே இருந்தார்.

கொல்லைப்புறத்தில் தனியாகச் சோதித்துப் பார்த்தார். மருந்தில்லாத குழலில் கேப்பை மட்டும் மாட்டி, வேலிக்கம்பத்தைக் குறிவைத்து விசையை இழுத்தார். துப்பாக்கி பாறைபோல நின்றது. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை என்பதுதான் அவருக்குத் தெரியுமே. தெரியாமல் இருந்தால்தான் சோதனை. இன்னொருவர் துப்பாக்கியைக் கெட்டித்துத் தர வேண்டும். மருந்து போட்டாரா இல்லையா என்பதைச் சொல்லக் கூடாது. இரண்டு வருடமாக அவர் கண்டுபிடித்த வித்தைகளில் எதற்கும் இரண்டாம் ஆள் தேவைப்பட்டதில்லை.

அந்த ஞாயிறு மகளிடம் இதைச் சொன்னார். அவ்வளவு நீளமாக அப்பா பேசி அவள் கேட்டதே இல்லை.

"யாரையாவது கூப்பிட வேண்டியதுதானேப்பா?"

"யாரை?"

டாம்ராவுக்குச் சொல்ல ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

மறுநாள் ஆர்டித் வீட்டு வாசலில் போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். ஆர்டித் முன்கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாசல்ல நின்னு காலால மண்ண உழாத. என்ன வேணும், சொல்லு."

"ஒரு உதவி, ஆர்டித்தம்மா. துப்பாக்கிய நீங்க கெட்டிச்சுத் தரணும்."

"கேட்டுட்டியா? நீ வாயத் தொறந்ததுக்கே கேக் வெட்டணும். நாளைக்கு எட்டு மணிக்கு வா."

செவ்வாயன்று ஆர்டித் அவருக்கு முதுகைக் காட்டி நின்று கெட்டித்தார். கோல் இறங்குகிற சத்தம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் கேட்டது. முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதில் வெர்லின் விசையை இழுத்தார். கேப்பு மட்டும் 'டப்' என்றது. புகை இல்லை, உதை இல்லை. ஆனால் குழலின் முனை சடாரென்று ஒரு சாண் கீழே குனிந்தது.

வெர்லின் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். காது சிவந்துவிட்டது.

"பாத்தியா? வெடிக்கறதுக்கு முன்னாடியே கும்பிடு போடற," என்றார் ஆர்டித். அவர் சிரிக்கவில்லை. "எத்தன வருஷமா இப்படி?"

வெர்லின் வெடித்த கேப்பைச் சுரண்டி எடுத்தார். "ஒரு பனிக்காலம். கம்பத்து மேல இருக்கேன். கரண்டு இல்லாத செத்த லைன்னு சொன்னாங்க. சாகல. மூஞ்சிக்கு நேரா வெடிச்சுது. புருவம்தான் பொசுங்குச்சு, வேற ஒண்ணும் ஆகல."

"நோலாகிட்ட சொன்னியா?"

"அடுப்பு குப்புனு பத்திக்கிச்சுன்னு சொன்னேன்."

"சரி. அடுத்ததப் பாப்போம்," என்று ஆர்டித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்.

நான்கு செவ்வாய்க்கிழமை இப்படியே நடந்தது. பத்தில் நான்கு மருந்தில்லாத வெற்று. வெர்லினின் குழல் முதலில் ஒவ்வொரு தடவையும் குனிந்தது, பிறகு இரண்டுக்கு ஒரு தடவை, பிறகு எப்போதாவது. இடையில் ஆர்டித் தன் பையிலிருந்து ரொட்டியும் இறைச்சித் துண்டும் எடுத்துப் பாதியைத் தருவார். அவர் தன் மூட்டுவலி, மருமகன், பன்றிக்கறி விலை எல்லாம் பேசுவார்; வெர்லின் கேட்டுக்கொண்டிருப்பார்.

அக்டோபர் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆர்டித்துக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கிடைத்து, லெக்சிங்டனில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தச் செவ்வாய் களம் பழையபடி காலியாக இருந்தது. முன்பு அவருக்குப் பிடித்த அமைதிதான். அன்றைக்கு அது பிடிக்கவில்லை. மூன்று குண்டு சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

போட்டியில் இருபத்து மூன்று பேர். வெர்லினுக்குக் கடைசி மேசை. பக்கத்தில் இருந்தவர் வணக்கம் சொன்னார், இவரும் சொன்னார். நான்கு குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஐந்தாவதற்கு விசையை இழுத்தபோது, கேப்பில் பொறி சிதறுவதையும், குழல் வாயில் செந்நெருப்பு மலர்வதையும், காற்றுத் திசை பார்க்க ஓரத்தில் நட்ட கொடி சட்டென்று வலப்பக்கம் திரும்புவதையும் திறந்த கண்ணால் பார்த்தார். அட்டையைப் போய்ப் பார்க்கும் முன்பே குண்டு எங்கே போயிருக்கும் என்று தெரிந்துவிட்டது. வலப்பக்கம், ஒரு விரற்கடை தள்ளி. அங்கேதான் இருந்தது.

நான்காவது இடம். பரிசு மூன்று பேருக்குத்தான். யாரோ முதுகில் தட்டினார்கள். வெர்லின் அட்டையைச் சுருட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே லெக்சிங்டனுக்கு வண்டியை விட்டார். இரண்டு மணி நேரம்.

ஆர்டித் மருந்து மயக்கத்தில் படுத்திருந்தார். மகள் ஒரு கோப்பை காபி கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். வெர்லின் நாற்காலி நுனியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கண் விழித்ததும் அட்டையை விரித்துக் காட்டினார்.

"ஒண்ணு ஏன் தள்ளிப் போச்சு?"

"காத்து."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பச் சரி," என்று சொல்லி ஆர்டித் மறுபடி தூங்கிவிட்டார். அட்டையை மருந்துப் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெர்லின் எழுந்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கருமருந்தின் கரியை மணிக்கணக்கில் விட்டுவைத்தால் இரும்பைத் தின்றுவிடும். குழல் வாயில் அதற்குள் துருவின் செம்மை பூத்திருந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்தார். கொதிநீரும் சோப்பும் ஊற்றி, கரி போய்த் தண்ணீர் தெளிவாக வரும்வரை ஒருவராகவே கழுவினார். கை துடைத்துக்கொண்டு ரேடியோவைப் போட்டார். அன்று சனிக்கிழமை, டாம்ரா கூப்பிட இன்னும் ஒரு நாள் இருந்தது. வெர்லின் போனை எடுத்துத் தானே அவளைக் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தபின், "நான்தான், அப்பா. ஒண்ணுமில்ல, சும்மாத்தான்," என்று பதிவு செய்துவிட்டு வைத்தார்.