சாம்பாருக்கு இருபத்தைந்து விநாடி

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடப் பார்த்தது சாம்பார்தான். இதைச் சொன்னால் அப்பா இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் அப்போது பள்ளிக்கூடத்தின் செயலாளர். அவரைப் பொறுத்தவரை குற்றம் எல்லாம் சோற்றுப் பானையுடையது. ஆனால் ஆதாரம் எழுதிய கொப்பி என்னிடம் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் பதினொரு வயது. லண்டனில், மோர்டனில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் நடக்கும். காலையில் தமிழ், அதற்குப் பிறகு நடனமும் மிருதங்கமும். வெள்ளைக்கார ஆசிரியைகள் கிழமை முழுக்க வெட்டிச் சுருக்கிக் கூப்பிட்ட என் பெயரை, சனிக்கிழமை ஒரு நாள்தான் முழுதாகக் கேட்பேன். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அந்த மண்டபம் பிடிக்கும்.

அந்த வருடம் நவராத்திரி வாணி விழாவுக்கு இருநூற்று நாற்பது பேர் வந்தார்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு தொடங்கியது. இரண்டு மணிக்கு மண்டபத்தைப் பூப்பந்து விளையாடுகிறவர்களிடம் கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்தபோது மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அதுவரை அவர்கள் மட்டைகளோடு வெளியே மழையில் நின்றார்கள். அடுத்த புதன்கிழமை கடிதம் வந்தது. இது மூன்றாவது தடவை, இன்னொரு தடவை பிந்தினால் மண்டபம் இல்லை என்று அதில் இருந்தது. அப்பா மோர்டன் முழுக்க நடந்து பார்த்தார். எங்கள் அத்தனை பிள்ளைகளையும் கொள்ளக்கூடிய வேறு மண்டபம் எதுவும் சனிக்கிழமைகளில் சும்மா இருக்கவில்லை. அடுத்த விழா தைப்பொங்கல். அன்றும் பிந்தினால் பள்ளிக்கூடம் முடிந்தது.

இங்கேதான் என் மணிக்கூடு வருகிறது. பிறந்தநாளுக்குக் கிடைத்த டிஜிட்டல் மணிக்கூடு. விநாடிகளை நிறுத்தி நிறுத்தி அளக்கும். அது கைக்கு வந்த நாளிலிருந்து நான் வீட்டில் எவரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. கேத்திலில் தண்ணீர் கொதிப்பதற்கு எத்தனை விநாடி, அப்பா முகம் மழிப்பதற்கு எத்தனை நிமிடம், எல்லாம் கொப்பியில் ஏறும். வாணி விழாவில் பிள்ளைகளுக்கு முதல் பந்தி போட்டுவிட்டார்கள். சாப்பிட்டு முடித்த எனக்கு வேறு வேலை இல்லை. பரிமாறுகிற மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கரண்டிக்கும் இருபது இருபது பேரை அளந்தேன். சோறு ஆறு விநாடி. பருப்பு நாலு. கத்தரிக்காய் எட்டு. வடையும் அப்பளமும் ஐந்து. சாம்பார் இருபத்தைந்து.

சாம்பார் வாளி பெரியம்மாவிடம் இருந்தது. அம்மாவின் மூத்த அக்கா. இரண்டு வருடத்துக்கு முன் ஊரிலிருந்து தனியாக வந்து எங்களோடு இருந்தார். அவருடைய மகனை நான் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். அந்த அண்ணை கொழும்பிலிருந்து வெளிநாட்டுக்குப் புறப்பட்டவர், பிறகு கடிதம் இல்லை. வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தால் என்னை மேல்மாடிக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்தக் கதை எனக்குப் பாதிக்கு மேல் தெரியாது.

பெரியம்மா சாம்பார் ஊற்றுகிற விதம் இது. கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொள்வார். "நீங்கள் ஊரிலை எவடம் தம்பி? ஆரின்ரை மகன்? லண்டனுக்கு எந்த வழியாலை வந்தனீங்கள்?" பதில் வந்தால்தான் கரண்டி சரியும். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். பின்னால் வரிசை வாசலைத் தாண்டிப் போகும். நான் நுணுக்கமான ஆள் அல்லவா, அந்த இருபத்தைந்தைப் பிரித்தே எழுதினேன். ஊற்றுவது ஆறு. மிச்சம் பத்தொன்பதுக்கு 'வீண் பேச்சு' என்று தலைப்புப் போட்டுச் சிவப்புப் பேனையால் கோடிட்டேன்.

மார்கழியில் எங்கள் வீட்டு முன்னறையில் கமிட்டி கூடியது. பள்ளிக்கூடத் தலைவர் மாமா சோற்றுக்கு இரண்டு பேரை விட வேண்டும், பெரிய கரண்டி வாங்க வேண்டும் என்றார். அப்பா அதை எழுதிக்கொண்டார். இன்னொருவர் அரைமணி முன்னதாகத் தொடங்கலாம் என்றார். எங்கள் ஆட்களைச் சொன்ன நேரத்துக்கு வரவைப்பது பற்றி யோசித்துவிட்டு அவரே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் கதவடியில் நின்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

"சோறு இல்லை மாமா. சாம்பார்."

அப்பா பார்த்த பார்வைக்கு நான் மேல்மாடிக்குப் போயிருக்க வேண்டும். அந்த நேரம் சின்னம்மா வேலை முடிந்து வந்தார். அம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர், பிரச்சினை வந்து இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்துவிட்டார். இங்கே ஹவுன்ஸ்லோ பக்கம் விமானச் சாப்பாடு அடுக்கும் இடத்தில் ஷிப்ட். ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் நின்று தட்டுக்கு ஒரு பாண் துண்டாக வைப்பது அவருடைய வேலை. கோட்டைக் கழற்றாமல் என் கொப்பியை வாங்கிப் படியில் உட்கார்ந்து வாசித்தார்.

"இருபத்தைஞ்சை இருநூற்று நாற்பதாலை பெருக்கு பாப்பம்."

"ஆறாயிரம் விநாடி. நூறு நிமிசம்."

"சோத்துக்கு நாலு பேரை விட்டாலும் நூறு நிமிசம்தான் அண்ணை," என்றார் தலைவர் மாமாவைப் பார்த்து. "எங்கடை பெல்ட்டிலையும் இதுதான். மற்றவை எவ்வளவு கெதியா வைச்சாலும், ஆகப் பிந்திறவளின்ரை வேகந்தான் பெல்ட்டின்ரை வேகம். சோத்தைக் கெதியாக் குடுத்தால் சாம்பாருக்கு முன்னாலை இன்னும் கனபேர் நிப்பினம், அவ்வளவுதான்."

தலைவர் மாமா கூரையைப் பார்த்தார். அப்பா பேனையை மூடினார். கணக்கு எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அதைப் பெரியம்மாவிடம் யார் சொல்வது? அவர் அம்மாவோடு குசினியில் இவர்களுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கூச்சம் எல்லாம் இல்லை.

"பெரியம்மாவை நிப்பாட்டினால் ஆகப் பிந்திறது கத்தரிக்காய்தான். எட்டு விநாடி. முப்பத்திரண்டு நிமிசத்திலை எல்லாம் முடிஞ்சிடும்."

குசினியில் பேச்சுச் சத்தம் நின்றது. எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. சின்னம்மா கொப்பியை மூடி என் கையில் வைத்தார்.

"அக்கா நிக்கட்டும். பாயாசம் அக்கா குடுக்கட்டும். ஆனால் வெளி வாசல்லை."

"பனிக்குள்ளை நிண்டு பாயாசம் குடிக்கிறதோ பிள்ளை?" என்று கேட்டார் தலைவர் மாமா.

"சுடச்சுடக் குடுப்பம் அண்ணை. எங்கடை சனம் சாப்பிட்டு முடிஞ்சும் மண்டபத்தை விட்டு எழும்பாது. பாயாசம் வெளியிலை எண்டால் தானாப் போகும். எல்லாரும் ஒரே நேரத்திலை சாப்பிட்டு முடிக்கிறேல்லைத்தானே, அங்கை வரிசையும் வராது."

அது கெட்டித்தனமான யோசனை என்று எனக்கே பட்டது. ஆனாலும் மனம் ஆறவில்லை. இவ்வளவு சுணக்கின ஆளுக்குத் திரும்பவும் ஒரு கரண்டியா? பின்னால் போய்க் கேட்டேன். "உன்ரை கணக்குச் சரி," என்றார் சின்னம்மா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. "ஆளிலை பிழையில்லை. இடத்திலைதான் பிழை." பெரியவர்கள் இப்படித்தான் பூசி மெழுகுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலன்று சாம்பார் வாளியை மிருதங்க ஆசிரியரிடம் கொடுத்தார்கள். வாய் திறக்காத மனிதர். பன்னிரண்டரைக்கு முதல் தட்டு நகர்ந்தது. நான் மேசையின் கடைசியில் மணிக்கூட்டை அமத்திக்கொண்டு நின்றேன். சோற்றுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று தலைவர் மாமா விடாப்பிடியாக நின்றபடியால் அங்கே ஒருவர் வேலையில்லாமல் பராக்குப் பார்த்தார். வரிசை நடந்தது. நிற்கவே இல்லை. இடையில் அப்பளக் கூடை ஒன்று கவிழ்ந்து இரண்டு நிமிடம் போனது, போகட்டும். ஒரு மணி நாலு நிமிடத்துக்குக் கடைசித் தட்டு. நான் துள்ளியதில் சாம்பார் தெறித்துப் பாவாடையில் பட்டது.

ஒன்று இருபதுக்கு அப்பா ஒலிவாங்கியில் சொன்னார்: "பாயாசம் வெளி வாசலிலை." இருநூற்று நாற்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக எழும்பினார்கள். கெஞ்சவும் இல்லை, கலைக்கவும் இல்லை. ஒன்றே முக்காலுக்குக் கதிரைகள் அடுக்கியாகிவிட்டது. இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மண்டபக் காவலாளி திறப்புக் கொத்தோடு, சண்டைக்கு ஆயத்தமான முகத்தோடு உள்ளே வந்தார். கூட்டித் துடைத்த தரை. ஒரு குருவி இல்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், தன் கை மணிக்கூட்டைப் பார்த்தார். இன்றைக்கு உங்கள் விழா நடக்கவில்லையா என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு சில சோதனைகளில் முதலாவதாக வந்திருக்கிறேன். ஒன்றும் அந்தக் கேள்விக்குக் கிட்ட வராது.

தலைவர் மாமா காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாத்தியே பிள்ளை, சோத்துக்கு ரெண்டு பேரை விட்டதுதான்." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நியாயம் கேட்க வாசலுக்கு, சின்னம்மாவிடம் ஓடினேன்.

அங்கே பாயாசக் கரண்டி சின்னம்மாவின் கையில் இருந்தது. பெரியம்மா ஓர் ஓரத்தில் ஓர் இளைஞனின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் மற்றக் கையில் பாயாசக் கப். ஆவி பறந்துகொண்டிருந்தது, குடிக்கவும் ஏலாது, வைக்கவும் இடமில்லை.

"வாணி விழாவுக்கும் வந்தனான் அம்மா," என்றான் அவன். "அண்டைக்கும் நீங்கள் கேட்டனீங்கள். பின்னாலை ஆக்கள் இடிச்சுக்கொண்டு நிண்டவை. ஊர்ப் பேரை மட்டும் சொல்லிப்போட்டு நகர்ந்திட்டன். ஜெர்மனியாலை வந்தனான் எண்டு சொல்லேல்லை. அங்கை அகதிக் காம்பிலை என்னோடை ஒரே அறையிலை உங்கடை ஊர்ப் பெடியன் ஒருத்தன் இருந்தவன்."

"அவனுக்கு இந்தப் புருவத்திலை ஒரு வெட்டு இருக்கோ தம்பி?"

"ஓம் அம்மா. சைக்கிளாலை விழுந்தது எண்டு சொன்னவன்."

நான் நடுவில் புகுந்து கத்தினேன்: "பத்து நிமிசம் முந்தி முடிச்சிட்டம்." ஒருவரும் திரும்பவில்லை. சின்னம்மா கரண்டியைப் பிடித்தபடி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பெரியம்மா அழுதார், அழுகைக்குள் சிரித்தார், திரும்பவும் அழுதார். பாவம், பள்ளிக்கூடத்தை நினைத்து இவ்வளவு நாளும் பயந்துகொண்டு இருந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பெரிய மனது பண்ணிக் கிட்டப் போய் அவருடைய கையைத் தொட்டேன்.

"அழாதேங்கோ பெரியம்மா. மண்டபம் இனிப் போகாது."

அவர் என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்தார். "ஓம் குஞ்சு, போகாது," என்றார். அவருடைய சேலையில் ஏலக்காய் மணத்தது.

அந்த மண்டபத்தில் பள்ளிக்கூடம் இன்னும் பல வருடம் நடந்தது. இரண்டு வருடம் கழித்து வந்த பொங்கலில் சாம்பார் வாளியைப் பிடித்தவர் அண்ணை. புருவத்தில் வெட்டு. மிருதங்க ஆசிரியரையும் விடக் கெதி, ஆளுக்கு ஐந்து விநாடி. பெரியம்மா வாசலில் பாயாசத்தை விடவில்லை. மகன் வந்த பிறகும் வருகிறவர்களிடம் எவடம், எந்த வழி என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார், வேறு தாய்மாருக்காக.

ஆனால் முதல் பொங்கலன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். வெற்றியோடு வீட்டுக்கு வந்து, சாம்பார் கறையோடேயே உட்கார்ந்து, கொப்பியில் புதிய கணக்கை எழுதினேன். சாம்பார்: ஆறு விநாடி. வீண் பேச்சு: இல்லை. அடியில் சிவப்பால் இரண்டு கோடு போட்டேன்.