மின்னியிடம் விட்ட பிள்ளை

சந்திரமதிக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கப்பற்படையில் எஞ்சின் அறை வேலை பார்த்த அவள் புருஷன் ராஜமாணிக்கம் லீவில் திண்டிவனத்துக்கு வந்தவன், அந்தமானில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, இடத்தின் பெயர் மின்னி பே என்றான். சந்திரமதியின் காதில் அது 'மின்னிப் பேய்' என்று விழுந்தது. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடல் கரைக்குள் வளைந்து நுழைகிற இடத்துக்கு இங்கிலீஷில் 'பே' என்று பெயர் என்பது, 1967இல் திண்டிவனத்தில் எத்தனை பெண்களுக்குத் தெரிந்திருக்கும்?

"மின்னி யாருங்க? ஏன் பேயானா?"

தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ராஜமாணிக்கத்துக்கு வாய் சும்மா இருக்காது.

"வெள்ளைக்கார தொரையோட சம்சாரம். புள்ள பொறந்து செத்துப் போச்சு, அந்த ஏக்கத்துலயே அவளும் போயிட்டா. பொழுது சாஞ்சா வெறுந்தொட்டில ஆட்டிக்கினு பாட்டு பாடுவா. பயப்படாத, நம்மள ஒண்ணும் பண்ணமாட்டா."

கையிலிருந்த விசிறியால் அவன் முதுகில் ஒன்று போட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நம்பியும் நம்பாமலும் மெட்ராஸில் கப்பல் ஏறினாள்.

மரப்பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வரிசை வீடுகள். மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வந்த வருஷமே சந்திரமதி முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாசம் வளைகாப்பு, அப்படியே கப்பலேறி அம்மா வீடு என்று ஏற்பாடு. அந்தக் கப்பல் பழுதாகி மெட்ராஸிலேயே நின்றது. அடுத்த கப்பல் வந்தபோது, பிரசவத்தை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதோடு ராஜமாணிக்கத்துக்கு நிக்கோபார் பக்கம் ரோந்துக்குப் போக உத்தரவு வந்தது. பெண்டாட்டி நிறைமாசமாக இருக்கிறாள் என்று எந்தக் கப்பலும் நங்கூரம் போட்டு நிற்பதில்லை.

ஆண் குழந்தை. மூன்றாம் நாள் மூச்சுத் திணறிப் போய்விட்டது.

ராஜமாணிக்கத்தின் கூட்டாளிகள் நாலு பேர் வந்தார்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஏதோ கேட்டார்கள், அவள் தலையை ஆட்டினாள். புதுத் துண்டில் சுற்றி எடுத்துப்போய், மேட்டில் கடலைப் பார்த்த பாதாம் மரத்தடியில் புதைத்தார்கள். புருஷன் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"யாரு மாதிரி இருந்தான்?" என்று கேட்டான்.

"உங்க மூக்கு."

அவன் அழவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கழற்றிப் போட்டுத் துடைக்க ஆரம்பித்தான். பொழுது இருட்டும்வரை துடைத்துக்கொண்டே இருந்தான். சந்திரமதிக்கு அவன்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது.

பிள்ளை போனது மனசுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கனத்து, காய்ச்சல் அடித்தது. மேட்டுக்குப் பின்னால் குடியிருந்த பொன்னம்மாதான் பார்த்துக்கொண்டாள். தாத்தா காலத்தில், தண்டனைக் கைதியாக வந்த குடும்பம் அவளுடையது. தீவிலேயே பிறந்தவள், தமிழும் இந்தியும் ஒரே மூச்சில் வரும். அவள் முந்தானை நிறைய மல்லிகைப்பூ பறித்துவந்து, மாரில் வைத்து இறுக்கிக் கட்டினாள்.

"ரோ மத், பேட்டி. அழாத. பூ வச்சுக் கட்டினா பால் சூக்கிப் போயிடும்."

பால் வற்றியது. அழுகை மட்டும் வற்றவில்லை. அவள் அழுகை அல்ல, பிள்ளையின் அழுகை. விளக்கு வைக்கிற நேரமானால் மேட்டுப் பக்கமிருந்து கேட்கும். சந்திரமதி ஜன்னலைச் சாத்துவாள். மின்னிதான் கொண்டுபோய்விட்டாள், பெயரைக் கேட்டுச் சிரித்ததற்குப் பழிவாங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வாள். யாரிடம் சொல்வது? புருஷனிடம் சொன்னால் சிரிப்பான்.

ஒருநாள் அந்தி நேரம். மழை விட்டிருந்தது. பிள்ளை வழக்கம்போல அழ ஆரம்பித்தது. ஈரக் காற்றில் மல்லிகை வாசம் வந்தது. அடுத்து யாரோ வாய்க்குள்ளேயே பாடுகிற மாதிரி ஒரு முனகல். வற்றிப்போன மாரில் சுரீர் என்று பால் இறங்கி ரவிக்கை நனைந்தது. அழுகை நின்றது. மறுநாள் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

சந்திரமதி யோசித்துப் பார்த்தாள். பிள்ளை இல்லாத தாய் ஒருத்தி, தாய் இல்லாமல் கிடக்கிற பிள்ளை ஒன்று. மின்னி தூக்கிக்கொண்டாள், வேறென்ன? அன்று ஜன்னலைத் திறந்து வைத்தவள் பிறகு சாத்தவே இல்லை.

அடுத்தது பெண், தங்கம். அந்தப் பிரசவத்துக்கு ராஜமாணிக்கம் கரையில் இருந்தான். தங்கத்துக்குப் பால் கொடுத்த பிறகு, கொட்டாங்கச்சியில் கொஞ்சம் பீய்ச்சி எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய், பாதாம் மரத்தடியில் வைத்துவிட்டு வருவாள் சந்திரமதி. ராஜமாணிக்கம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான்.

1970இல் கொச்சிக்கு மாற்றல் வந்தது. அழுது ஊரைக் கூட்டுவாள் என்று அவன் பயந்துகொண்டே சொன்னான். அவளோ பாட்டுப் பாடிக்கொண்டு டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கினாள்.

"பெரியவன விட்டுட்டுப் போறமேன்னு இல்லியா சந்திரா?"

"மின்னி இருக்காளே. என்னைவிட நல்லாப் பாத்துக்குவா."

ராஜமாணிக்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பேயைக் கொச்சிவரை சுமந்துகொண்டு வரப்போகிறாள் என்று நினைத்தான். நல்லது செய்கிறோம் என்றே வாயைத் திறந்தான், பாவம்.

"மின்னியும் இல்ல, கின்னியும் இல்ல. பேன்னா கடல். அன்னிக்கு வெளையாட்டுக்குச் சொன்னேன். நானே கட்டின கதை அது."

அவள் கையிலிருந்த புடவை அப்படியே நின்றது. பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அப்போ இத்தினி நாளா என் புள்ளைய யாருங்க பாத்துக்கினாங்க?"

அவன் வெளியே கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

"அவன் தனியாவா கெடந்தான்? தனியா வுட்டுட்டு நான் வரமாட்டேன். நீங்க போங்க."

கத்தவில்லை, அழவில்லை. அதுதான் அவனைக் கலக்கியது. கப்பல் நாள் வந்தது. ஜீப் வந்து வாசலில் நின்றது. அவள் பெட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை. பொன்னம்மா வந்து கெஞ்சிப் பார்த்தாள், அதுவும் பலிக்கவில்லை.

ராஜமாணிக்கம் உள்ளே போனான். வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தான். மேட்டைப் பார்க்க நடந்தான். சந்திரமதி தங்கத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

பாதாம் மரத்தடியில் அட்டென்ஷனில் நின்றான். மின்னி வெள்ளைக்காரி ஆயிற்றே, தமிழ் புரியாது. அதிகாரிகளிடம் பேசப் பழகிய இங்கிலீஷை எடுத்தான்.

"குட் மார்னிங், மேடம். மைசெல்ஃப் ராஜமாணிக்கம். திஸ் மை சன். ஐ நாட் சீ ஹிம், மேடம். ஐ கோயிங் கொச்சின். யூ ப்ளீஸ்..." மேலே இங்கிலீஷ் வரவில்லை. "யூ ப்ளீஸ் பாத்துக்கோங்க, மேடம்."

சல்யூட் அடித்தான். அடித்த கையை இறக்காமல் நின்றான். கீழே ஜீப் ஹாரன் அடித்தது.

"வாங்க போலாம்," என்றாள் சந்திரமதி.

"இரு. அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. தானே கட்டிய கதையின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று, நெற்றியில் வைத்த கையோடு நின்றுகொண்டிருந்தான்.

அவன் கையைப் பிடித்து மெல்ல இறக்கினாள்.

"சொல்லிட்டாங்க. எனக்குக் கேட்டுச்சு."

ராஜமாணிக்கம் அந்த மரத்தடியிலேயே குந்தி உட்கார்ந்து, தான் பார்த்தேயிராத மகனுக்காக அன்றைக்குத்தான் அழுதான்.