கிளாஸ் கழுவும் மிஷின்

தோழியின் திருமண வரவேற்புக்காக ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தேன். பார் கவுண்டருக்குப் பின்னால் கிளாஸ் கழுவும் மிஷின் கரகரவென்று ஓடியது. சிறுமியாக இருந்தபோது மேற்குத் தாம்பரத்தில் கேட்ட அதே சத்தம்.

அங்கே ஒரு பாரில் அம்மா கிளாஸ் கழுவினாள். அப்பா எங்களை விட்டுப் போனபிறகு, அந்தச் சம்பளத்தில்தான் முடிச்சூரில் வாடகைக்கு இருந்தோம். சோப்புத்தூள் தண்ணீரிலேயே ஊறி அம்மாவின் விரலிடுக்குகள் வெடித்து ரத்தம் கசியும். சோற்றில் கை வைத்தால் எரியும் என்று கரண்டியால்தான் சாப்பிடுவாள்.

மிஷின் வந்த அன்று, பள்ளி விட்டு வந்த என்னைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"பாருடி, கிளாஸைக் கவுத்து வெச்சா பிரஷ்ஷே சுத்திகினு கழுவுது. இனிமே கை புண்ணாவாது."

அந்த மாதக் கடைசியில் முதலாளி அவளைக் கூப்பிட்டார். "இதுக்குத் தனியா ஆள் இன்னாத்துக்குக்கா? சப்ளையரே பாத்துக்குவான். நீ வேற இடம் பாத்துக்க."

அம்மா வீடு வீடாக ஏறி இறங்கினாள். புண்ணான கையைப் பார்த்ததும் பாத்திரம் தேய்க்க யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. புண் ஆறுவதற்குள் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

சாமான்களை மூட்டை கட்டிய மத்தியானம், மிச்சமிருந்த ரசஞ்சோற்றை அம்மா புண் ஆறிய கையாலேயே பிசைந்தாள்.

"எரியவே இல்லடி," என்றாள்.

ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.