எதுக்குக் கொண்டு வந்தே?

அக்கா முதலில் முகர்ந்து பார்ப்பார். தூங்கும் பையின் வாயை இரண்டு கைகளாலும் அகட்டி, தோள்வரை தலையை உள்ளே விட்டு, நீளமாக ஒரு மூச்சு இழுப்பார். வெளியே வரும்போது மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கும். பிறகு பையைக் கவிழ்த்து உதறுவார். தையலோரம் முழுவதையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போவார். கடைசியில் வாய்க்கயிற்றின் நுனியிலுள்ள முடிச்சை அவிழ்க்காமல் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இது தொலைச்சவன் போட்ட முடிச்சு இல்ல. எடுத்தவன் போட்டது" என்பார்.

எடுத்தவர் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். அதைக் கொண்டுவந்து கொடுத்ததே அவர்தான்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில், பேருந்து திரும்பும் வளைவில் இருக்கிறது கடை. கூடாரம், தூங்கும் பை, மழைக்கோட்டு, அடுப்பு, நெற்றி விளக்கு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். மலையேறுகிறவர்கள் பாதையில் விட்டுவிட்டுப் போகும் பொருள்களும் இங்கேதான் வந்து சேரும். 'உரியவர் பெயர் தெரியாத பொருள்களை இங்கே ஒப்படைக்கவும்' என்று வாசலில் ஒரு பலகை உண்டு. உச்சியிலுள்ள தங்குமிடத்தை நடத்தும் மலையேறுவோர் சங்கம் மாட்டியது. பலகையை மாட்டியவர்களுக்குத் தெரியாது, ஒப்படைக்க வருகிறவர்களுக்கு உள்ளே என்ன காத்திருக்கிறது என்று.

கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எல்லோருக்கும் அக்கா. பேருந்து ஓட்டுநரின் அப்பாவுக்கும் அக்காதான். ஆள் குள்ளம், மேல் தட்டிலிருந்து எதையாவது எடுக்க அடுப்புப் பெட்டிமேல் ஏறி நிற்பார். அப்படி நிற்கும்போதும் ஒரு கண் வாசலில் இருக்கும்.

"தொலைக்கிறவன் அசடு, அவனை விடுங்க. திருடுறவன் திருடன், அவனையும் புரிஞ்சுக்கலாம். இந்தக் கொண்டு வந்து குடுக்கிறான் பாருங்க, அவன் யாரு? எதுக்குக் கொண்டு வரான்? அதுதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது."

பொருளைத் தேடி வருகிறவர்களும் தப்ப முடியாது. ஜிப் சுலபமாக ஓடுமா, சிக்குமா? எந்தப் பக்கம் கிழிந்திருந்தது? ஒரு பதில் தவறினால் போதும், "உங்களுது இங்க இல்லீங்க" என்று அனுப்பிவிடுவார். அந்தப் பொருள் அவர் முதுகுக்குப் பின்னால் தட்டில் இருக்கும்.

பக்கத்திலுள்ள வானிலைக் கொட்டகையில் தினமும் காலையில் மழையளவு எழுதுவது என் வேலை. எழுதி முடித்ததும் அவர் கடை பெஞ்சில் வந்து உட்காருவேன். என்னை 'மழைக்காரரே' என்று கூப்பிடுவார். மழைக்கணக்கையும் நம்பமாட்டார். "நேத்து அவ்வளவா பெஞ்சுது? நான் பாக்கலையே" என்பார். ஒருநாள் என் கையிலிருந்த கவிதைப் புத்தகத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து உதறினார். எதுவும் விழவில்லை. பிரித்துப் பார்த்தார்.

"வரி பாதியிலயே நிக்குதே. மீதியை எங்க வச்சிருக்கான்?"

அதுவரை நான் படித்த விமர்சனங்கள் எதிலும் அந்தக் கேள்வி இல்லை.

இப்படிப்பட்டவரிடம் ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை வந்து மாட்டிக்கொள்கிறவர் நெட்டையண்ணன். மலைப்பாதையைக் கூட்டி, விழுந்த கிளைகளை அகற்றும் தினக்கூலி. அக்கா கடை வாசலில் குனியாமல் நுழைய முடியாத ஒரே ஆள். பார்வை எப்போதும் தரையில் இருப்பதால், யார் எதைத் தொலைத்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். இரண்டு மாதத்தில் ஏழு பொருள் கொண்டுவந்தார்.

ஏழாவது ஒரு தூங்கும் பை. அன்று நடந்த விசாரணையை நான் முழுவதும் கேட்டேன்.

"எங்க கெடந்துச்சு?"

"ரெண்டாவது வளைவுக்கு மேல, பாறைக்குப் பின்னாடிக்கா."

"பாறைக்குப் பின்னாடி உனக்கென்ன வேலை?"

நெட்டையண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். "ஒண்ணுக்குப் போகத்தான்."

கூடாரம் எடுக்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"முந்தாநாள் மழை. இது நனையவே இல்லையே?"

"நனைஞ்சுதான் இருந்துச்சு. காய வச்சுக் கொண்டாந்தேன்."

"ஏன் காய வச்சே?"

"ஈரத்தோட சுருட்டுனாப் பூஞ்சை புடிச்சிருமேக்கா."

"புடிச்சா உனக்கென்ன?"

நெட்டையண்ணன் பையில் ஒட்டியிருந்த சருகு ஒன்றைத் தட்டிவிட்டார். குனிந்து வெளியே போனார். அவர் வளைவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பதில் சொல்லாமப் போறான் பாத்தீரா?" என்றார் அக்கா.

அந்த மாதம் இந்தக் கேள்விகளுக்குக் கூடுதல் கனம் இருந்தது. உச்சியிலுள்ள தங்குமிடத்தின் காவலர் வேலையை விட்டுப் போய்விட்டார். நெட்டையண்ணன் அந்த இடத்துக்கு மனுப் போட்டிருந்தார். பாதை கூட்டும் வேலை மழைக்காலத்தில் இல்லை. காவலர் வேலை வருடம் முழுவதும் உண்டு, குடியிருக்க இரண்டு அறையும் உண்டு. அவருடைய மனைவியும் மகளும் மூன்று வருடமாக மனைவியின் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். வேலை கிடைத்தால் கூட்டிவந்துவிடலாம். கம்பளிகளும் அடுப்புகளும் கிடக்கும் இடம் என்பதால் ஆளின் கை சுத்தமா என்று அக்காவைக் கேட்டுத்தான் முடிவுசெய்வோம் என்று சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார்.

"நல்ல பேர் வாங்கத்தான் இத்தனையும் கொண்டாறான்" என்றார் அக்கா. "இல்லேன்னா ஒருத்தன் கண்ணுல மட்டும் எப்படி இவ்வளவு படும்? அவனே எடுத்து, அவனே ஒளிச்சு, அவனே கண்டுபிடிக்கிறான். பாத்துருவோம்."

ஒருநாள் காலை நான் மழைமானியைத் திறந்துகொண்டிருந்தபோது, அக்கா மேலிருந்து இறங்கிவந்தார். மூச்சு வாங்கியது. முட்டி வலிக்காரர் பாதையில் ஏறி நான் பார்த்ததேயில்லை.

"மூணாவது வளைவு பெஞ்சு மேல ஒரு குச்சி வச்சிட்டு வரேன். நீரு சாட்சி." அன்றைய மழையளவுக்குப் பக்கத்தில் அதையும் குறித்துக்கொண்டேன்.

குச்சி என்று அவர் சொன்னது மலையேறும் கைத்தடியை. ஒன்றுக்குள் ஒன்று செருகிய மூன்று குழாய்கள், இழுத்தால் நீளும். எடையே தெரியாது, நல்ல விலை. போன வருடம் யாரோ கொண்டுவந்து கொடுத்து, உரியவர் கிடைக்காமல் தட்டில் கிடந்தது.

மறுநாள் பெஞ்சு காலி. அன்று நெட்டையண்ணன் கைத்தடியைக் கொண்டுவரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான்காம் நாள் ஒரு குழந்தைத் தொப்பி கொண்டுவந்தார். ஏழாம் நாள் தண்ணீர்ப் புட்டி ஒன்று. அக்கா இரண்டையும் வாங்கி வைத்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதற்கே நெட்டையண்ணன் மிரண்டுவிட்டார்.

"சில்லறையைக் குடுத்துட்டுப் பெருசை அமுக்கிட்டான்" என்றார் அக்கா என்னிடம். "பாத்தீரா மழைக்காரரே? நான் சொன்னேனா இல்லையா?"

சொன்னார்தான். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த நாள் நெட்டையண்ணன் வணக்கம் சொன்னபோது, கொட்டகைக்குள் ஏதோ வேலை இருப்பதுபோல நான் திரும்பிக்கொண்டேன்.

பதினோராம் நாள், கீழ் ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவர்களுக்காக நான்கு கூடாரம் எடுக்க வந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்ததைத்தான் பார்த்தார். கருநீலக் கைப்பிடி.

"இது உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"என்னோடதுதாங்க. போன வருஷம் தொலைச்சேன். உங்ககிட்டயே வந்து கேட்டனே, ஞாபகம் இல்ல? கறுப்புக் கைப்பிடின்னு சொன்னேன். இங்க இல்லைன்னுட்டீங்க."

"கறுப்பில்ல. கருநீலம்" என்றார் அக்கா. பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆசிரியைக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "போன ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வீடு தேடிக் கொண்டாந்து குடுத்தார். ரொம்ப உயரமா இருந்தார். பஸ் இல்லைன்னு நடந்தே வந்திருக்காரு."

"உங்க வீடு அவனுக்கு எப்படித் தெரியும்?"

ஆசிரியை கைத்தடியைத் திருகி, கடைசிவரை இழுத்தார். நடுக்குழாய் வந்தது. அதற்குள்ளிருந்து அடிக்குழாயும் முழுதாக வந்தது. அதன் மேல்முனையில், கண்ணாடி ஒட்டுத்தாளுக்கு அடியில், பொடி எழுத்தில் அவர் பெயரும் பள்ளியின் பெயரும் இருந்தன. "எங்க வீட்டுக்காரர் எழுதினது. அவர் உயரம், முழுசா இழுத்துத்தான் பிடிப்பார்" என்றார்.

தூங்கும் பைக்குள் தலையை விட்டுப் பார்க்கிறவர், மழைக்கோட்டின் உள்பையை வெளியே இழுத்துப் பார்க்கிறவர், கைத்தடியை மட்டும் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, தன் உயரத்துக்கு இழுத்துப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். அவர் உயரத்துக்கு நடுக்குழாயே போதும். ஒரு வருடமாக அந்தப் பெயர் அவர் தட்டிலேயே இருந்திருக்கிறது.

அக்கா அதை இரண்டுமுறை படித்தார். "வந்தவன் ஏதாவது கேட்டானா?"

"இல்லீங்க. தண்ணிகூடக் குடிக்கலை."

"தண்ணிகூட வேண்டாமாமா?" என்றார் என்னைப் பார்த்து. அதிலும் ஏதோ இருக்கிறது என்பதுபோல.

சாயங்காலம் நெட்டையண்ணன் கீழே இறங்கியதும் அக்கா கூப்பிட்டு நிறுத்தினார். "குச்சி கெடச்சதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"அதுல பேர் இருந்துச்சேக்கா. பேர் தெரியாததைத்தான இங்க குடுக்கச் சொல்லிப் போட்டிருக்கு" என்று பலகையைக் காட்டினார்.

அக்கா பலகையைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அதை அவர் படித்து நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் வந்தார். அக்கா அடுப்பு ஒன்றைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிராமலே பேசினார்.

"அவன் நல்லவனான்னு எனக்குத் தெரியாது சார். இத்தனை தடவை கேட்டும் பிடிபடலை. சாவியை அவன்கிட்டயே குடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை நான் மேல ஏறிக் கம்பளியை எண்ணிப் பாத்துக்கறேன்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார் செயலாளர். அவர் ஏன் அப்படி இழுத்தார் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

"ஒரு தடவை சொன்னாப் போதாதா?"

அடுத்த வாரம், மதியப் பேருந்தில் ஒருவர் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. வெளியூர்க்காரர் என்று நினைத்தேன். அக்கா குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தார். தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். பிறகு அந்த ஆள் எழுந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே."

"ஒரு வார்த்தைதான் சொன்னேன்" என்றார் அக்கா.

அவர் வந்த பேருந்திலேயே திரும்பிப் போனார். தேநீரைத் தொடவில்லை. அக்கா கோப்பையை எடுக்கவில்லை. ஒரு தட்டால் மூடி வைத்தார். கடை சாத்தும்வரை அது அங்கேயே இருந்தது.

மாதக் கடைசியில் மழையளவை வாங்கிக்கொள்ளச் செயலாளர் என் கொட்டகைக்கு வந்தார். பேச்சுவாக்கில் காவலர் வேலையைப் பற்றிக் கேட்டேன். இரண்டே மனுக்கள்தான் வந்தனவாம். கோப்பைப் பிரித்து இரண்டாவதைக் காட்டினார். அது அக்காவின் கூடப்பிறந்த தம்பியுடையது. மனு முழுக்க அக்காவின் எழுத்து. கீழே கையொப்பம் மட்டும் தம்பி போட்டது. அதிலிருந்த தேதியை என் மழைக்குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றாவது வளைவுக்கு அக்கா ஏறிய நாளுக்கு முந்தைய நாள் அது.