மூன்றாவது வாளி

நான் ஒருதரம் கோச்சியை நிறுத்தியிருக்கிறேன். சங்கிலியை இழுத்தும் அல்ல, தண்டவாளத்தில் கல் வைத்தும் அல்ல. அப்போது எனக்கு எட்டு வயது. பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை, நம்பாவிட்டால் போகட்டும்.

அப்பா மன்னார்த் தீவில் ஒரு சின்னப் புகையிரத நிலையத்துக்கு அதிபர். எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன், செத்த மனுஷனுக்கு இப்போது ஏன் கெட்ட பெயர்? ஒரு மேடை, அப்பா இருந்து எழுதும் ஒரு கந்தோர், பின்னால் எங்கள் வீடு, எதிரே ஒரு பெருக்கமரம், அதன் நிழலில் யாருக்கும் சொந்தமில்லாத கழுதைகள். கரி எஞ்சின் காலம் அது. தலைமன்னார்ப் பக்கமிருந்து கோச்சி வருவதைச் சத்தம் கேட்கும் முன்பே புகையை வைத்துச் சொல்லிவிடலாம். புகையைக் கண்டதும் அம்மா கொடியில் காயும் வெள்ளைத் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடுவார்.

எங்களுடையது ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு கோச்சி வந்து முட்டாமலிருக்க ஒரு ஏற்பாடு இருந்தது. அப்பாவின் கந்தோரில் ஒரு பெட்டி. அடுத்த நிலைய அதிபர் மணியடித்துச் சம்மதம் தந்தால்தான் அதிலிருந்து உள்ளங்கையளவு வட்டத் தகடு ஒன்று வெளியே வரும். டப்லற் என்பார்கள். அதைத் தோல்பைக்குள் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுக்கவேண்டும். தகடு கைக்கு வராமல் எந்த டிரைவரும் ஓரடி நகரமாட்டார். அது வெளியே இருக்கும்வரை பெட்டி இன்னொன்றைத் தரவும் மாட்டாது. சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் அப்பா இதையே சொல்லிக்கொண்டிருப்பார். மதவாச்சிச் சந்தியில் வடக்கிலிருந்து வரும் கோச்சி எங்கள் கோச்சிக்காக அரை மணித்தியாலந்தான் காத்து நிற்கும், பிறகு விட்டுவிட்டுப் போய்விடும் என்பதும் அடிக்கடி வரும். ஜெபமாலையை விட இவை எனக்கு நல்ல பாடம்.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. மடுத் திருவிழாவுக்குப் போய்வந்த கையோடு, கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்று அவளாகவே சொன்னாள். ஊரே மெச்சியது. பங்குச் சுவாமி வந்து வீட்டை ஆசீர்வதித்தார். அம்மா அழுதபடியே பெருமைப்பட்டார். என்னை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. என் தலையை இனி யார் இழுத்துப் பின்னுவது? மீன் முள்ளை யார் எடுத்துத் தருவது? எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவள் போகவிருந்தது, மதவாச்சியில் கோச்சி மாறி, தெற்கே ஒரு மடத்துக்கு. குறித்த நாள் மாலைக்குள் அங்கே நிற்கவேண்டும், தவறினால் அடுத்த வருஷந்தான் என்று கடிதம் வந்திருந்தது.

அந்தக் காலை மேடை நிறையக் கோயில் சனம். அக்கா வெள்ளைச் சேலையும் புது றங்குப்பெட்டியுமாக வாங்கில் குந்தியிருந்தாள். வாங்குக்கு மேலே, நெருப்பு அணைப்பதற்காக மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் நாலு வரிசையாகத் தொங்கின. கந்தோருக்குள் மணியடித்தது. அப்பா தகட்டை எடுத்துப் பைக்குள் போட்டு, வளையத்தை ஆணியில் மாட்டிவிட்டுச் சுவாமியை எதிர்கொள்ள வெளியே வந்தார். நான் உள்ளே போனேன். தகட்டை எடுத்துப் பாவாடை மடிப்புக்குள் செருகிக்கொண்டு, பையை முன்போலவே மூடிவைத்தேன். கோச்சி வந்து எல்லோருடைய தலையும் அந்தப் பக்கம் திரும்பியபோது, வாங்கின் நுனியில் ஏறி மூன்றாவது வாளி மணலுக்குள் அதைப் புதைத்தேன். அக்காவும் கோச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன்.

டிரைவர் பெரிய மீசை வைத்த சிங்கள மனுஷர். பையைத் திறந்து பார்த்துவிட்டு வெறும்பை என்றார். அப்பா முதலில் சிரித்தார். பிறகு கந்தோருக்குள் ஓடினார். மேசை லாச்சிகள் எல்லாம் இழுத்துக் கொட்டப்பட்டன. கழுதை தின்றிருக்கும் என்று போர்ட்டர் மரத்தடிக்குப் போய் ஒவ்வொரு கழுதையின் வாயையும் பார்த்தார். அம்மா, தொலைந்ததைக் காட்டித்தரும் அந்தோனியாருக்கு நேர்ந்தார். சுவாமிகூட அங்கியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தார். எஞ்சின் உஸ் உஸ்ஸென்று நீராவி விட்டபடி நின்றது. கோச்சியில் வந்தவர்கள் இறங்கி நிழல் பார்த்துக் குந்தினார்கள். என் சந்தோசத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அக்கா மட்டும் வாங்கை விட்டு அசையவில்லை. மேடைக் கூரையில் மணிக்கூடு தொங்கும் பக்கமாக அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கடைசியில் அப்பா தொப்பியைக் கழற்றி, திறந்த கந்தோர்க் கதவுக்கு நேரே இருந்த மேசையில் வைத்தார். கடமை நேரத்தில் அவர் அதைக் கழற்றி நான் கண்டதே இல்லை. கடதாசி எடுத்து வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தார். தகடு தொலைந்ததென்று எழுதிக்கொடுத்தால் மாஸ்டரின் வேலை போய்விடும் என்று போர்ட்டர் அம்மாவிடம் மெல்லச் சொன்னது என் காதிலும் விழுந்தது. சொல்லிவிடலாமென்று கந்தோர் வாசல்வரை போனேன்.

அப்போதுதான் அக்கா எழும்பினாள். நேரே மூன்றாவது வாளிக்குள் கையை விட்டுத் தகட்டை எடுத்து, வெள்ளைச் சேலைத் தலைப்பால் மணலைத் துடைத்தபடி கந்தோருக்குள் வந்தாள்.

“இந்தாங்கோ அப்பா. மணலுக்குள்ள கிடந்தது.”

அப்பா தகட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். எஞ்சினுக்கு நீராவி போதாமல் போனதாகத் தான் எழுதுவதாகவும், மாஸ்டரும் அப்படியே எழுதினால் போதும் என்றும் டிரைவர் உடைந்த தமிழில் சொன்னார். ஒழுங்கு ஒழுங்கு என்று எங்களைப் பாடாய்ப் படுத்திய அப்பா, தன் உத்தியோக காலத்தில் எழுதிய ஒரே பொய் அதுதான். பாவம், அந்த எஞ்சின் நல்ல எஞ்சின்.

ஏறுவதற்கு முன் அக்கா என் கையைப் பிடித்து விரலிடுக்கில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். “நீ போட்டதை நான் கண்டனான், பிள்ளை,” என்று காதுக்குள் சொன்னாள். நான் கைகாட்டவில்லை. கண்டும் எடுத்துக் கொடுத்துவிட்டாளே என்று பல வருஷம் கோபம் வைத்திருந்தேன். வளர்ந்தபிறகு, எனக்கு அடி விழக்கூடாதென்றுதான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்திருக்கிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு சண்டை வந்தது. தண்டவாளங்களைக் கிளப்பிப் பங்கருக்கு மேலே அடுக்கினார்கள். மேடையில் எருக்கலை முளைத்தது. இப்போது கோச்சி திரும்ப ஓடுகிறது. புகை இல்லை, பிரம்பு வளையம் இல்லை, எல்லாவற்றையும் விளக்குகள் பார்த்துக்கொள்கின்றன. போன வருஷம் அக்கா விடுமுறையில் வந்து ஒரு கிழமை நின்றாள். ஊரார் மதர் என்று எழும்பி நிற்கிறார்கள். எனக்கு இன்னமும் அக்காதான். அவளை அனுப்பப் புது மேடையில் இருந்தபோது, பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அரை மணித்தியாலம் கோச்சியை நிறுத்திவைத்தேன் என்று கொஞ்சம் எடுப்பாகத்தான் சொன்னேன்.

“அரை மணித்தியாலம் இல்லை,” என்றாள் அக்கா. “இருபத்தேழு நிமிஷம்.”

அவ்வளவு கணக்காக உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டெல்லோ இருந்தனான். இன்னும் மூண்டு நிமிஷம் போயிருந்தா மதவாச்சியில மற்றக் கோச்சி தவறியிருக்கும். அதுக்குள்ள அப்பா தொப்பியைக் கழட்டிப்போட்டார்.”

கோச்சி வந்துவிட்டது. அவளுடைய பையைத் தூக்கிக் கொடுத்தேன். இந்தமுறை மறக்காமல் கைகாட்டினேன், அது கண்ணுக்கு மறையும்வரை. அந்தக் காலை, கோச்சி போகக்கூடாது என்று வேண்டி நின்றது மேடை முழுக்க நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.